கண் பிரஷர் மருந்த பாதியில நிறுத்துறவங்களுக்கு

அம்பாசமுத்திரம் பக்கம் மெடிக்கல் கடை வச்சிருக்கேன். கண் பிரஷருக்கு சொட்டு மருந்து சீட்டு கொண்டு வர்றவங்கள எனக்கு முகம் பாத்தே தெரியும், ஏன்னா இது மாசாமாசம் வாங்க வேண்டிய மருந்து, பாட்டில தொறந்தா நாலு வாரத்துக்கு மேல வச்சுக்கிடக் கூடாது. முதல் மாசம் கரெக்டா வருவாங்க, அடுத்த மாசம் நாலு நாள் தள்ளி வருவாங்க, அப்புறம் ஆளையே காணோம். பஸ் ஸ்டாண்டுல எங்கயாவது பாத்து என்ன பெரியம்மா மருந்து வாங்க வரலயேன்னு கேட்டா, "அத போட்டும் ஒண்ணும் தெரியலயேய்யா, கண்ணு முன்ன மாதிரியேதான் இருக்கு, எரிச்சல்தான் மிச்சம்"னு சொல்லுவாங்க. கண்ணு முன்ன மாதிரியே இருக்கணும்னுதான் அந்த மருந்தே எழுதிக் குடுக்காங்க. ஆனா அத அவங்களுக்கு எப்படி புரிய வைக்கிறதுன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு தவிப்பு.

சமீபத்துல வீரவநல்லூர்ல இருந்து ஒரு தம்பி வந்தாப்ல, கையில நாலஞ்சு பக்கம் பேப்பர். "அண்ணாச்சி, அம்மாவுக்கு கண்ணுல பிரஷராம், ஆஸ்பத்திரில ஒரு ஆராய்ச்சில சேத்துக்கிடுதோம்னு சொல்லி இத வாசிச்சுட்டு கையெழுத்து போடச் சொல்லியிருக்காவ, எங்கம்மாவ வச்சு சோதன பண்ணுதாவளோன்னு பயமா இருக்கு"ன்னு கேட்டாப்ல. கடைய சாத்துற நேரம் வரைக்கும் ரெண்டு பேரும் உக்காந்து பேசினோம், அன்னைக்கு பேசினதத்தான் கொஞ்சம் விரிவா இங்க எழுதுதேன், அந்த தம்பிக்கு மட்டுமில்ல, மருந்த நிறுத்திட்ட எல்லாருக்கும் சேத்து.

முதல்ல ஒண்ணு, இது பிபி இல்ல. "பிபி மாத்திரதான் போடுதேனே, அது கண்ணுக்கும் சேத்துதான"ன்னு கேக்குறவங்க உண்டு, அது வேற இது வேற. கண்ணுக்குள்ள, கருவிழிக்குப் பின்னால, ஒரு தெளிஞ்ச தண்ணி எப்பவும் ஊறிக்கிட்டே இருக்கும், நாம அழும்போது வர்ற கண்ணீர் இல்ல அது. ஊறுற தண்ணி ஓரத்துல இருக்குற சல்லட மாதிரியான ஒரு வழியா ரத்தத்துல போய் கலந்துரும். ஊறுறதும் வடியறதும் சமமா இருந்தா பிரஷர் 10-ல இருந்து 21 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்குள்ள நிக்கும். வடியற வழி அடைச்சுக்கிட்டா, வாய்க்கால் தண்ணி வந்துக்கிட்டே இருக்க மடை அடைச்சுப் போன குளம் எப்படி கரைய நெருக்குமோ அப்படி நெருக்கும், நெருக்கடி எல்லாம் கண்ணுக்குப் பின்னால இருந்து மூளைக்குப் போற நரம்பு மேல போய் விழும். அந்த நரம்புல ஏறக்குறைய 10 லட்சம் இழை இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டே வரும், செத்தது செத்ததுதான், எந்த ஆபரேஷனாலயும் திரும்ப கொண்டு வர முடியாது. இதுக்குப் பேருதான் க்ளாக்கோமா. காடராக்ட் மாதிரி லென்ஸ் வச்சா பார்வ வந்துரும்னு நினைச்சுக்கிட்டு காத்திருக்கவங்க பாவம், இதுல அப்படி கெடயாது.

கொடுமை என்னன்னா வலிக்காது. முதல்ல ஓரப் பார்வயத்தான் தின்னும், ஒரு கண்ணுல போன எடத்த இன்னொரு கண்ணு பாத்துக்கிடும், மிச்சத்த மூளயே இட்டு நிரப்பிரும், நேரா பாக்குறது கடேசி வரைக்கும் நல்லாவே இருக்கும், பேப்பர் வாசிக்கலாம், ஊசியில நூல் கோக்கலாம், அதனால ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது. வாசல்படி தட்டுது, பக்கத்துல வந்த பைக் தெரியலன்னு வந்து நிக்கும்போது பாதிக்கு மேல போயிருக்கும்.

அப்போ மருந்து வேலை செய்யுதான்னு போடுற ஆளுக்கு எப்படித்தான் தெரியும்? தெரியவே தெரியாது, நோயும் தெரியல, மருந்தோட பலனும் தெரியல. காய்ச்சலுக்கு மாத்திர போட்டா காய்ச்சல் விட்டது தெரியும், இங்க ஒரு தனி ஆளோட அனுபவத்த வச்சு எதையுமே சொல்ல முடியாது. ஒரே மாதிரி ஆளுங்கள ரெண்டு கூட்டமா குலுக்கல் போட்டுப் பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு மருந்து, இன்னொண்ணுக்கு இல்லன்னோ வேற மருந்துன்னோ வச்சு வருஷக்கணக்கா பாத்தாத்தான் தெரியும். கண் பிரஷர் ஆராய்ச்சின்னு சொல்றது அடிப்படையில இதுதான், அந்த தம்பி கொண்டு வந்த பேப்பரும் இந்த ரகம்தான்.

இதுல பெருசா பேசப்படுறது அமெரிக்காவுல 22 சென்டர்ல நடந்தது. 40-ல இருந்து 80 வயசுக்குள்ள 1636 பேரு, எல்லாருக்கும் பிரஷர் மட்டும் கூட, நரம்புல இன்னும் அடி விழல. பாதிப் பேருக்கு சொட்டு மருந்து, மீதிப் பேர சும்மா கவனிச்சாங்க. 2002-ல முடிவு வந்துச்சு, அஞ்சு வருஷத்துல மருந்து இல்லாதவங்கள்ல 9.5 சதவீதம் பேருக்கு க்ளாக்கோமா வந்துருச்சு, மருந்து போட்டவங்கள்ல 4.4 சதவீதம். பாதிக்கும் கம்மியா ஆயிருச்சு. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு பாருங்க, மருந்தே போடாதவங்கள்ல 100-க்கு 90 பேருக்கு அஞ்சு வருஷத்துல ஒண்ணும் ஆகல. அதனாலதான் டாக்டர் சில பேர "இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாசத்துல வாங்க"ன்னு அனுப்புறாங்க, அது கவனிக்காம விடுறது இல்ல, யாருக்கு ஆபத்து கூடன்னு பாத்துதான் முடிவு எடுக்குறாங்க. கருவிழி கனம் கம்மியா இருக்கவங்களுக்கு ஆபத்து கூடன்னு அதே ஆராய்ச்சிலதான் தெளிவா தெரிஞ்சது, இப்போ ஆஸ்பத்திரில கருவிழி கனத்தையும் அளக்குறாங்கல்ல, அது இதுக்காகத்தான்.

நோய் ஏற்கனவே ஆரம்பிச்சவங்கள வச்சு ஸ்வீடன்ல மால்மோ, ஹெல்சிங்போரிங்கற ரெண்டு ஊர்ல பாத்தாங்க, 255 பேரு. ஒரு பாதிக்கு லேசரும் சொட்டு மருந்தும், இன்னொரு பாதிக்கு உடனே எதுவும் இல்ல, ஆனா நெருக்கமா செக் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. வைத்தியம் இல்லாதவங்கள்ல 62 சதவீதம் பேருக்கு நோய் கூடிச்சு, வைத்தியம் பாத்தவங்கள்ல 45 சதவீதம். இந்த 45-அ நான் மறைக்க மாட்டேன், கடையில கேட்டாலும் சொல்லுவேன், மருந்து போட்டும் சில பேருக்கு கூடத்தான் செய்யும், அதனாலதான் ஓரப் பார்வ எவ்வளவு இருக்குன்னு அளக்குற ஃபீல்டு டெஸ்ட்ட திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்லுதாங்க, கூடுற மாதிரி தெரிஞ்சா பிரஷர இன்னும் கீழ எறக்கணும். அங்க கண்டுபிடிச்ச இன்னொரு கணக்கு என் மனசுல ஆழமா நின்னு போச்சு, பிரஷர் ஒரே ஒரு மில்லிமீட்டர் எறங்குனாலும் நோய் கூடுற வாய்ப்பு ஏறக்குறைய 10 சதவீதம் கொறையுதாம். "ரெண்டு பாயிண்டுதான் கொறைஞ்சிருக்கு, இதுக்கா இவ்வளவு காசு"ன்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்ற பதில் இதுதான், ரெண்டு பாயிண்டு சின்ன விஷயமே இல்ல.

பிரஷர் 21-க்குள்ளயே இருந்தும் நரம்பு கெட்டுப் போறவங்களும் உண்டு. "பிரஷர் நார்மல்னு சொன்னாவளே, அப்புறம் என்னத்துக்கு மருந்து"ன்னு குழம்பி வருவாங்க. அவங்கள வச்சும் ஒரு ஆராய்ச்சி நடந்து 1998-ல முடிவு வந்துச்சு, இருக்குற நார்மலயும் 30 சதவீதம் எறக்கினவங்கள்ல 12 சதவீதம் பேருக்குத்தான் கூடிச்சு, எறக்காதவங்கள்ல 35 சதவீதம். அதனால மேல் வீட்டு மாமாவுக்கு 20 இருந்தும் மருந்து இல்ல, எனக்கு 17-க்கே மருந்தான்னு பக்கத்து ஆளோட நம்பர ஒப்பிட்டுப் பாக்காதீங்க, ஒவ்வொருத்தர் நரம்புக்கும் ஒரு தாங்குற அளவு உண்டு, அந்த அளவ டாக்டர்தான் குறிச்சுக் குடுக்கணும்.

நான் கடையில ரொம்ப விக்கிறது லட்டானோப்ரோஸ்ட், ராத்திரி ஒரு சொட்டு. இத வச்சு இங்கிலாந்துல 516 பேர்கிட்ட பாத்தாங்க, 258 பேருக்கு நெஜ மருந்து, 258 பேருக்கு பாக்குறதுக்கு அதே மாதிரி இருக்குற வெறும் சொட்டு, யாருக்கு எதுன்னு போடுறவங்களுக்கும் தெரியாது டாக்டருக்கும் தெரியாது. ரெண்டு வருஷத்துல வெறும் சொட்டு போட்டவங்கள்ல 25.6 சதவீதம் பேருக்கு பார்வ எல்ல சுருங்கிச்சு, மருந்து போட்டவங்கள்ல 15.2. அந்த மருந்து சந்தைக்கு வந்து எவ்வளவோ வருஷம் கழிச்சுத்தான் இந்த முடிவு 2015-ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு, அதுக்கு முன்னால பிரஷர கொறைக்கும்னு தெரியும், பார்வயவே காப்பாத்துதுன்னு இப்படி நேருக்கு நேர் வச்சுக் காட்டினது இதுலதான். அந்த வெறும் சொட்டு போட்ட 258 பேர நான் அடிக்கடி நினைச்சுக்கிடுவேன், தெரிஞ்சேதான் கையெழுத்து போட்டிருக்காங்க, அவங்களால நம்ம ஊர்ல ஒரு ஆச்சிக்கு இந்த மருந்து வேலை செய்யும்னு நான் நம்பிக்கையா எடுத்துக் குடுக்க முடியுது. அவங்களயும் சும்மா விடல, குறுகுன இடைவெளில ஃபீல்டு டெஸ்ட் எடுத்து, கொஞ்சம் கூடினது தெரிஞ்ச உடனே ஆராய்ச்சிய விட்டு எடுத்து வைத்தியம் குடுத்துட்டாங்க.

இனி அந்த தம்பி கேட்ட கேள்விக்கு வர்றேன். சேரலாமா வேண்டாமான்னு நான் சொல்லல, சொல்லவும் கூடாது, ஆனா பேப்பர்ல என்னல்லாம் இருக்கணும்னு ஒவ்வொண்ணா காட்டினேன். தமிழ்ல இருக்கணும், அம்மாவுக்கு வாசிக்கத் தெரியலன்னா ஆஸ்பத்திரிய சேராத ஒரு சாட்சிய பக்கத்துல வச்சு வாசிச்சுக் காட்டணும், ஆராய்ச்சி ஞாயமா நடக்குதான்னு பாக்குற எத்திக்ஸ் கமிட்டி ஒத்துக்கிட்டிருக்கணும், சிடிஆர்ஐன்னு மத்திய அரசாங்கத்தோட பதிவேடு இருக்கு, 2009-ல இருந்து மருந்து டிரையல் எல்லாம் அதுல பதிஞ்சே ஆகணும், அந்த நம்பர கேட்டு வாங்கி நெட்லயே பாத்துக்கிடலாம். எப்ப வேணா காரணம் சொல்லாம வெளிய வந்துரலாம், வந்தாலும் வழக்கமான வைத்தியம் நிக்கக் கூடாது. ஆராய்ச்சியால ஏதாவது ஆச்சுன்னா வைத்தியச் செலவு நடத்துறவங்க தலையில, நஷ்ட ஈடும் உண்டு, 2019-ல வந்த ரூல்ஸ்ல அது தெளிவா இருக்கு. அப்புறம் முக்கியமா, "எங்கம்மாவுக்கு வெறும் சொட்டு விழ வாய்ப்பு இருக்கா, இல்ல ரெண்டு பக்கமும் நெஜ வைத்தியம்தானா"ன்னு நேரா கேளுன்னு சொன்னேன். வாசிச்சுப் பாத்தா அது ரெண்டு மருந்த ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுற ஆராய்ச்சி, சும்மா விடுறதே அதுல இல்ல, தம்பி முகம் கொஞ்சம் தெளிஞ்சிச்சு, ரெண்டு நாள் வச்சு அக்காகிட்டயும் பேசிட்டு முடிவு பண்ணுதேன்னு போனாப்ல, அதுதான் சரி, அவசரமா போட வேண்டிய கையெழுத்து இல்ல அது.

ஆராய்ச்சின்னா எங்கயோ வெளிநாட்டுல நடக்குறதுன்னும் நினைக்க வேண்டாம். மதுர, திருநவேலி, தூத்துக்குடி மூணு மாவட்டத்துலயும் அரவிந்த் ஆஸ்பத்திரிக்காரங்க கிராமங்கள்ல 40 வயசுக்கு மேல 5150 பேருக்கு கண்ண முழுசா பரிசோதிச்சுப் பாத்தாங்க, 2003-ல வெளிவந்த கணக்கு. 100-க்கு 2.6 பேருக்கு க்ளாக்கோமா. கேட்டா கம்மி மாதிரிதான் தெரியும். ஆனா அதுல அதிகமா இருக்குற, வலிக்காம மெதுவா வர்ற வகையில, 93 சதவீதம் பேருக்கு தனக்கு அந்த நோய் இருக்குன்னே அன்னைக்கு வரைக்கும் தெரியாது, அஞ்சுல ஒருத்தருக்கு ஏற்கனவே ஒரு கண்ணோ ரெண்டு கண்ணுமோ போயிருந்துச்சு. இத வாசிச்ச அன்னைக்கு எனக்கு சாப்பாடு எறங்கல. நம்ம ஊரு வயக்காட்டுல, பத்தமடையில பாய் நெய்யுற எடத்துல, முக்கூடல்ல பீடி சுத்துற திண்ணையில உக்காந்திருக்க நம்ம பெரியம்மா சித்தப்பா மாதிரியான ஆளுங்கதான அந்த 93 சதவீதம். அவங்க கதவத் தட்டி கண்ணுல வெளிச்சம் அடிச்சுப் பாத்ததாலதான் இன்னைக்கு கேம்புக்கு வர்றவங்க கண்ணுல பிரஷரும் நரம்பும் பாக்கணும்னு நாம அழுத்திக் கேக்க முடியுது.

மருந்து வாங்க முடியல, போட மறந்துருது, கை நடுங்குதுன்னு சொல்றவங்களுக்கு லேசர் ஒரு நல்ல வழி, எஸ்.எல்.டி.ன்னு சொல்லுவாங்க, கத்தி இல்ல, உக்காந்த எடத்துலயே சில நிமிஷத்துல முடிஞ்சிரும், அந்த வடியற சல்லடய கொஞ்சம் தூண்டி விடுறது. பிரிட்டன்ல 718 பேர வச்சு முதல் வைத்தியமாவே லேசரா சொட்டு மருந்தான்னு பாத்து 2019-ல சொன்னாங்க, லேசர் பண்ணினவங்கள்ல 74 சதவீதம் பேருக்கு மூணு வருஷம் வரைக்கும் சொட்டு மருந்தே தேவப்படல, மருந்து பக்கம் 11 பேருக்கு ஆபரேஷன் வரைக்கும் போக வேண்டி வந்துச்சு, லேசர் பக்கம் ஒருத்தருக்கும் இல்ல. தான்சானியாவுல கிளிமஞ்சாரோ பக்கம் ஒரு ஆஸ்பத்திரில, முத்துன நோயோட வந்த ஏழைபாழைங்க கிட்ட டைமோலால் சொட்டு மருந்தோட ஒப்பிட்டாங்க, ஒரு வருஷத்துல லேசர் பண்ணின கண்ணுல 61 சதவீதத்துல பிரஷர் கட்டுக்குள்ள இருந்துச்சு, சொட்டு மருந்துல 31-தான். ஆஸ்பத்திரி தூரம், மாசாமாசம் கையில காசு இல்ல, இது நமக்கும் பொருந்துற நெலமதான. மருந்து விக்கிறவன் நானே சொல்லுதேன், அடுத்த தடவ போகும்போது "எனக்கு லேசர் சரி வருமா"ன்னு டாக்டர்ட்ட கேட்டுப் பாருங்க. எல்லாருக்கும் சரி வராது, பலன் வருஷம் போகப் போக கொறையவும் செய்யும், திரும்ப பண்ண வேண்டியும் வரலாம்.

இன்னொரு வகை இருக்கு, திடீர்னு வர்றது. வடியற வழியே மூடிக்கிட்டு பிரஷர் ஒரே ஏறா ஏறிரும், கண்ணு செவந்து, தல வெடிக்கிற மாதிரி வலி, வாந்தி, லைட்ட சுத்தி வானவில் வட்டம். பித்தத் தலவலின்னு சுக்கு அரைச்சுப் போட்டு படுத்துறாதீங்க, அன்னைக்கே கண்ணாஸ்பத்திரி போகணும், சில மணி நேரத்துல பார்வ போயிரும். அந்த வழி குறுகலா இருக்கவங்களுக்கு முன்கூட்டியே லேசர்ல சின்ன ஓட்டை போடலாமான்னு சீனாவுல குவாங்சோல 889 பேர்கிட்ட பாத்தாங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரு கண்ணுல மட்டும் போட்டு இன்னொரு கண்ண அப்படியே விட்டாங்க, ஒரே ஆளோட ரெண்டு கண்ணுதான் ரெண்டு கூட்டம். ஆறு வருஷத்துல போட்ட கண்ணுல 19-லயும் போடாத கண்ணுல 36-லயும் கோளாறு வந்துச்சு. லேசர் நல்லதுதான், ஆனா ரெண்டு பக்கமுமே ரொம்ப கம்மி பேருக்குத்தான் வந்திருக்கு, அதனால குறுகலா இருக்குன்னு சொன்ன எல்லாருக்கும் உடனே போட்டே ஆகணும்னு இல்ல.

கடைக்காரனா ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். கண்ணு அரிச்சா செவந்தா ஸ்டீராய்டு சொட்டு மருந்த சீட்டு இல்லாம வாங்கி மாசக்கணக்குல போடுறாங்க, சுகமா இருக்கும், அரிப்பு உடனே நிக்கும். ஆனா சில பேருக்கு அதே மருந்து பிரஷர கன்னாபின்னான்னு ஏத்திரும், யாருக்கு ஏறும்னு முன்னாடியே சொல்ல முடியாது. அலர்ஜிக்கு அத வருஷக்கணக்கா போட்டு பார்வய இழக்குற சின்னப் பிள்ளைங்களும் உண்டு, நெஞ்சு பதறும். நான் சீட்டு இல்லாம குடுக்க மாட்டேன், "பக்கத்துக் கடையில குடுக்காவளே"ன்னு கோவிச்சுக்கிட்டு போறவங்க போகட்டும். வீசிங் இருக்கவங்க டைமோலால் எழுதினா அத டாக்டர்ட்ட சொல்லிருங்க, கண்ணுல போடுறதுதானன்னு விடாதீங்க, அது மூச்சுக்குழாய சுருக்கும், நாடித் துடிப்பயும் கொறைக்கும். யோகா பண்றவங்களுக்கு ஒண்ணு, சிரசாசனத்துல நிக்கும்போது கண் பிரஷர் ரெண்டு மடங்கு ஏறுதுன்னு சென்னையில 75 பேர்கிட்ட அளந்து 2006-ல எழுதியிருக்காங்க, க்ளாக்கோமா இருந்தா அந்த ஒரு ஆசனத்த விட்டுருங்க.

அப்பா அம்மா கூடப் பொறந்தவங்க யாருக்காவது இருந்தா உங்களுக்கும் வர வாய்ப்பு பல மடங்கு கூட. 40 தாண்டிட்டா கண்ணாடி கடையில பவர் மட்டும் பாத்துட்டு வந்துராதீங்க, பிரஷர், நரம்பு, வடியற வழி மூணையும் பாக்கச் சொல்லுங்க.

போடுற விதத்துலயும் நெறய பேருக்கு வீணாப் போகுது. தலய பின்னால சாய்ச்சு, இல்ல படுத்துக்கிட்டு, கீழ் இமைய லேசா இழுத்து ஒரு சொட்டு போதும், ரெண்டாவது சொட்டு கன்னத்துலதான் வழியும். கண்ண மூடி மூக்கோரத்து மூலைய ரெண்டு நிமிஷம் விரலால அழுத்திப் பிடிங்க, மருந்து தொண்டைக்கு எறங்காது, கண்ணுலயே நிக்கும். ரெண்டு மருந்து இருந்தா நடுவுல அஞ்சு நிமிஷம் விடணும். சொட்டு உள்ள விழுந்துச்சா வெளிய விழுந்துச்சான்னு தெரியாத வயசானவங்களுக்கு பாட்டில ஃப்ரிட்ஜ்ல வச்சு போட்டு விடுங்க, ஜில்லுன்னு பட்டா விழுந்தது தெரியும். அடுத்த மாசம் வரும்போது காலி பாட்டிலயும் எடுத்துட்டு வாங்க. நாலு வாரத்துக்கு முன்னாலயே தீந்துருச்சுன்னா சொட்டு வெளிய போகுதுன்னு அர்த்தம், நாலு வாரம் கழிச்சும் பாதி இருந்தா ராத்திரி மறந்து தூங்கிடுறீங்கன்னு அர்த்தம், ரெண்டுல எதுன்னாலும் கடையில வச்சே பேசி ஒரு வழி பண்ணிக்கிடலாம்.